இறக்கிவிட ஆளில்லாத சுமை

எனக்காகப் பட்டினி கிடக்கப் போவதாக எங்கள் சபையில் ஒரு ஞாயிறு ஆராதனையின் முடிவில் அறிவித்தார்கள். நான் ஒன்பதாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். பட்டினிதான் என் நோயைக் கிளப்புகிறது என்று அதற்கு முந்தைய ஞாயிறே ஒரு பக்கத்தில் எழுதிப் போதகரின் கையில் கொடுத்திருந்தேன். அவர் அந்தத் தாளை நான்காக மடித்து வேதாகமத்துக்குள் வைத்ததையும் பார்த்தேன்.

"நம்ம சகோதரிக்கு மருந்தே இல்லைன்னு டாக்டர்மார் கைவிட்டுட்டாங்க. மனுஷன் கைவிட்ட இடத்துலதான் கர்த்தர் தொடங்குவார். நாளை தொடங்கி இருபத்தொரு நாள் சங்கிலி உபவாசம். ஒருத்தர் முடிக்கிற இடத்துல அடுத்தவர் பிடிக்கணும். ஒரு நாளோ மூணு நாளோ, எடுக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் போதகர்.

முதலில் எழுந்த கை என் தங்கையுடையது. மூன்று விரல்களை விரித்துக் காட்டினாள்.

டாக்டர் என்னைக் கைவிடவில்லை. 'குணமாக்கும் மருந்து கிடையாது. நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் மருந்து' என்று சொல்லியிருந்தார். அதோடு, உடன்பிறந்தவர்களுக்கும் இது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, உங்கள் தங்கையின் ரத்தத்தைச் சோதிக்கும்வரை அவர் பட்டினி கிடக்கவே கூடாது என்றும் சொல்லியிருந்தார். இந்த இரண்டும் நான் கொடுத்த தாளில் இருந்தன. இரண்டாவதன் கீழே கோடும் போட்டிருந்தேன்.

நான் பாசன அலுவலகம் ஒன்றில் மழை அளவு பதிகிறவள். காலை எட்டு மணிக்கு மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக்குழாயில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து வாசித்து எழுத வேண்டும். மழை பெய்யாத நாளில் 'இல்லை' என்று எழுத வேண்டும். வெற்றிடம் விடக்கூடாது. வெற்றிடம் கிடந்தால் மழை பெய்யவில்லை என்று அர்த்தமாகாது, யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். வேலையில் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொண்டது இது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே எனக்கு இந்தப் பழக்கம் உண்டு.

அந்த முதல் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: 'காலை சாப்பிடவில்லை. மைதானம் பத்துச் சுற்று. ஏழாவது சுற்றில் தொடை கல்லாகிவிட்டது. மாலை மூத்திரம் கட்டன்சாயா நிறம்.' பால் விடாத தேநீரின் நிறம் என்பதை இதைவிடச் சரியாக இன்றும் என்னால் எழுத முடியாது. அம்மா அதைச் சூடு என்றார். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த வெள்ளம் கொடுத்தார். உடற்கல்வி ஆசிரியை வேறு பெயர் வைத்தார். ஏழாவது சுற்றில் உட்கார்ந்த என்னை வகுப்பு முழுவதும் கேட்கும்படி "மடிச்சி" என்று கூப்பிட்டார். எங்கள் ஊரில் சோம்பேறிப் பெண்ணுக்கு அதுதான் சொல். மறுநாள் பள்ளி முழுக்க நான் மடிச்சி. கல்யாணமாகிப் போன வீட்டுக்கும் அந்தப் பெயர் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் பார்த்த மருத்துவர்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். ஒருவர் கல் என்றார், படம் எடுத்தார், கல் இல்லை. ஒருவர் சத்து மாத்திரை எழுதினார். ஒருவர் என் நோட்டைக் கையால் தள்ளிவிட்டு, "ரொம்ப யோசிக்கறீங்க, அதான் வியாதி" என்றார். இன்னொருவர், காலையில் வெறும் வயிற்றில் ஐந்து கிலோமீட்டர் நடக்கச் சொன்னார். நான் சொன்னதைச் செய்கிறவள். பதினோரு நாள் நடந்தேன். பன்னிரண்டாம் நாள் அலுவலகப் படி ஏற முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்ற ஒரு கேள்வியை இவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் நோட்டில் இருந்தது, நேரத்தோடு.

கடைசியில் நானே அட்டவணை போட்டேன். வலி வந்த நாள், முந்தைய உணவு, அன்றைய வேலை, காய்ச்சல் உண்டா இல்லையா. மொத்தம் இருபத்தேழு தடவை. அதில் பதினொன்று பெரிய வெள்ளிக்கிழமை, அல்லது அதற்கு மறுநாள். வியாழன் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளி மூன்று மணி ஆராதனை முடிந்து கஞ்சி ஊற்றும்வரை எங்கள் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீருக்கு மேல் எதுவும் தொட மாட்டோம். ஒன்று, உறவினர்களோடு பத்மநாபபுரம் அரண்மனையில் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டுப் படி ஏறி இறங்கிய நாள். மற்றவை காய்ச்சலும், கல்யாண வீட்டு வேலையும். வலி என் மனதிலிருந்து வந்திருந்தால் அது ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்தா வரும்?

அட்டவணையோடு திருவனந்தபுரம் போனேன். அங்கே பார்த்த டாக்டர் வயதில் சிறிய பெண். தாளை இரண்டு தடவை வாசித்தார்.

"இது முழுக்க சேச்சி எழுதினதா?"

"ஆமா."

"நோயைக் கண்டுபிடிச்சு எழுதிட்டு வந்திருக்கீங்க. பேரு மட்டும்தான் நான் வைக்கணும், கேட்டோ."

விரலில் குத்தி வடிதாள் ஒன்றில் ரத்தப் பொட்டுகள் எடுத்தார்கள். பிறகு மரபணுச் சோதனை. முடிவு வந்த நாளில் அவர் ஒரு தாளில் அடுத்தடுத்து இரண்டு கோடுகள் போட்டார். தசையின் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சுவர்களாம். எரித்துச் சக்தி எடுக்கும் இடம் அது. சர்க்கரையிலிருந்து வருவது உள்ளே போக வேறு வழி உண்டு. கொழுப்பில் நீளமான அமிலங்கள் தாமாக அந்தச் சுவரைக் கடக்க முடியாது. கார்னிடைன் என்று ஒரு சிறிய மூலக்கூறு அவற்றைச் சுமக்க வேண்டும். வெளிச்சுவரில் ஒரு நொதி சுமையை அதன் மேல் ஏற்றிவிடும். உள்சுவரில் ஒரு கடத்தி சுமையோடு வருவதை உள்ளே விட்டு, வெறுமனே நிற்கும் கார்னிடைன் ஒன்றை அதே வழியாக வெளியே அனுப்பும். உள்ளே இன்னொரு நொதி நின்று சுமையை இறக்க வேண்டும்.

"சேச்சிக்கு அந்த இறக்கி விடுற நொதிதான் குறைவு" என்றார். "சாப்பிட்ட சர்க்கரை இருக்கிறவரை தெரியாது. பட்டினி கிடந்தாலோ, ரொம்ப நேரம் ஓடினாலோ, தசை கொழுப்பைக் கேக்கும். கொழுப்பு வாசல்ல நிக்கும். எரிக்க ஒண்ணும் கிடைக்காம தசை உடையும். நீங்க எழுதின கட்டன்சாயா அந்த உடைஞ்ச தசையோட நிறம். அதிகமானா சிறுநீரகத்தை அடைச்சிரும்."

ஊர் திரும்பி வடசேரியில் பஸ் இறங்கினேன். சந்தைக்குள் லாரி போகாது. சந்து முனையில் நிறுத்தி, சும்மாடு கட்டிய சுமட்டுக்காரர்களின் தலையில் சாக்கை ஏற்றிவிடுவார்கள். கடைக்குள் ஒருவர் சாக்கின் இரண்டு முனையையும் பிடித்து இறக்குவார். வெறும் தலையோடு சுமட்டுக்காரர் அடுத்த சாக்குக்கு ஓடிவருவார். அன்று ஒரு கடையில் இறக்க வேண்டியவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வெங்காயச் சாக்கோடு ஒருவர் கழுத்து நரம்பு புடைக்க நின்றுகொண்டு, "ஏலே, பெஞ்சாதிட்ட பெறவு கொஞ்சலாம்லே, எறக்கி விடு!" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் நான்கு பேர் சாக்கோடு சந்தில் அடைத்து நின்றார்கள். லாரியில் சரக்கு இருக்கிறது, கடையில் சரக்கு இல்லை.

டாக்டர் வரைந்த படம் என் முன்னால் நடந்துகொண்டிருந்தது. நோயின் பெயர் தெரிந்தால் நிம்மதி வரும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சுமட்டுக்காரரை யாரும் மடியன் என்று சொல்லவில்லை. சந்தில் நின்ற எல்லாரும் கடைக்காரரைத்தான் திட்டினார்கள். எனக்குள்ளும் கார்னிடைன்கள் இப்படித்தான் சுமையோடு நின்றிருக்கின்றன, முப்பது வருடம். திட்டு வாங்கியது நான்.

அலுவலகத் தோழியின் மகள் கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கிறாள். அவளுடைய பாடப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கார்னிடைன் சுமந்து போவதற்கென்றே ஒரு முழுப் பக்கம், வண்ணப் படத்தோடு. "இது கண்டிப்பா வரும் ஆன்ட்டி, ஐந்து மார்க்" என்றாள். என்னைப் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் இந்த ஐந்து மார்க்கை எழுதித் தேறியவர்கள்தானே! சுமந்து போவதும் திரும்பி வருவதும் அம்புக்குறி போட்டு எழுதியவர்கள், அது நின்று போனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் எப்படி இருப்பாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

வீட்டாரும் சும்மா இருக்கவில்லை. கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்றதும், "தேங்கா அரைக்காம தீயல் கொழம்பா? அது வெறும் புளிவெள்ளம்லா" என்றாள் தங்கை. அவள் கணவர் ஒரு படி மேலே போய், தேங்காயெண்ணெயே மருந்து என்று போனில் வந்த படம் ஒன்றைக் காட்டினார். "சொமக்க ஆளே வேண்டாமாம் அக்கா, தானா உள்ள போவுமாம்." டாக்டரிடம் கேட்டேன். சுமப்பவன் இல்லாமல் போகிற குட்டையான அமிலங்கள் தேங்காயெண்ணெயில் கொஞ்சம் உண்டு, பெரும்பகுதி அப்படிப்பட்டது இல்லை என்றார். அந்தக் 'கொஞ்சம்' படத்தில் இல்லை. அளவு எழுதாமல் உண்மையை அனுப்பிவிடுகிறார்கள்.

இப்படித்தான் அந்த மூன்று விரல்களுக்கு வந்து சேர்ந்தோம்.

திங்கள் மாலை அலுவலகம் முடிந்ததும் இராஜாக்கமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். தங்கை வீடு அங்கே. அவள் அன்று காலை முதல் எதுவும் சாப்பிடவில்லை. முற்றத்தில் குந்தியிருந்து கம்பளிப் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உனக்கும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னதைச் சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. எனக்கொண்ணும் கெடையாது. என்னைப் பாரு, மாடு மாதிரி வேல செய்யுதேன்."

"ரத்தம் குடுத்துட்டு அதைச் சொல்லு."

"உபவாசம் முடியட்டு, குடுக்கேன். உனக்கு வேண்டித்தானே அக்கா கெடக்கேன். ஊரெல்லாம் கெடக்கும்போ கூடப்பொறந்தவ நான் தின்னுட்டு இருக்கவா?"

"எனக்கு வேண்டின்னா ஒரு ஏத்தவாழப்பழம் தின்னு."

"உபவாசத்துல ஏத்தம்பழமா? கர்த்தர் சிரிப்பாரு."

"சிரிக்கட்டு. ஒன்னப் படைச்சவருக்கு ஒனக்க தசை எதுல ஓடுதுன்னு தெரியாதா?"

அவள் போர்வையைப் பிழிந்து என் முகத்தில் தண்ணீர் தெறிக்கும்படி உதறினாள். "வெப்ராளப்படாதக்கா, ஒண்ணும் ஆவாது. போ, இருட்டுமுன்ன பஸ்ஸப் பிடி."

நான் போனேன். அதற்கு நான் என்னையே மன்னிக்கவில்லை. போகுமுன், தசை உடைந்தால் உடனே என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்திருந்த அவசரக் கடிதத்தின் நகல் ஒன்றை மட்டும் அவள் கணவரின் சட்டைப்பையில் திணித்தேன்.

செவ்வாய் மூன்று மணிக்கு அவர் அழைத்தார். காலையில் தங்கை ஆலயத்தைக் கழுவித் துடைக்கப் போயிருக்கிறாள். வீட்டுக்கு நடந்து வந்து படியில் கால் வைக்கும்போது விழுந்திருக்கிறாள். எழுந்து நிற்க முடியவில்லை. "அக்கா, அவளுக்க மூத்திரம்..." என்று தொடங்கி நிறுத்தினார். "என்ன நிறம்?" என்று கேட்டேன். "கட்டன்சாயா" என்றார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நானும் அவர்களும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பணியில் இருந்த இளம் டாக்டர் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெயிலில் மயக்கம், உப்பு நீர் ஏற்றுங்கள் என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நான் குறுக்கே நின்று கடிதத்தை நீட்டினேன்.

"அப்புறம் பாக்கறேன்மா."

"இப்பப் பாருங்க. ஒரே பக்கம். நான் நகர மாட்டேன்."

"அம்மா, மத்த பேஷண்ட் இருக்காங்க."

"எனக்குத் தெரியும். முப்பது வருஷமா நான்தான் அந்த மத்த பேஷண்ட்."

கோபமாகத்தான் வாங்கினார். பாதி வாசிக்கும்போதே நர்ஸைக் கூப்பிட்டு, குளுக்கோஸ் சேர்த்து ஏற்றச் சொன்னார், தசை உடைந்த அளவைக் காட்டும் சோதனையை எழுதினார். சில நூறுக்குள் இருக்க வேண்டிய எண் பல ஆயிரங்களில் வந்தது. "நல்லவேளை குடுத்தீங்க" என்றார். அதை அவர் நல்லவேளை என்றதே எனக்கு எரிச்சலாக இருந்தது. கடிதம் இல்லாமல் இதே வாசலுக்கு வந்து, உப்பு நீரோடு திரும்பிப் போனவர்கள் யார் யாரோ?

இரண்டு நாள் அவளுக்கு மூத்திரம் சரியாகப் பிரியவில்லை. நாளையும் இப்படியே இருந்தால் டயாலிசிஸ் என்றார்கள். கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையை மணிக்கு ஒரு தடவை நானும் அளந்து எழுதினேன். நர்ஸ் முறைத்தாள். நான் எழுதினேன்.

வியாழன் காலை போதகர் வந்தார். ஜெபித்தார். நல்ல குரல் அவருக்கு, தங்கை கண்ணை மூடிக் கேட்டாள். முடித்ததும் சொன்னார்: "உபவாசம் எடுக்கிறவங்களைச் சத்துரு சோதிப்பான்மா. தைரியமா இருங்க."

"சத்துரு இல்ல ஐயா. பட்டினி" என்றேன். "நான் குடுத்த தாள் உங்க வேதாகமத்துல இருக்கா?"

திறந்தார். இருந்தது, நான்காக மடித்தபடியே. அவர் நின்றுகொண்டே அதை வாசித்தார். கீழே கோடு போட்ட இடத்தில் கண் நின்றது தெரிந்தது.

"எனக்கு இதெல்லாம் அவ்வளவா புரியாதும்மா."

"புரியலன்னா என்னைக் கேட்டிருக்கலாம். வாசிக்காமலே மேடையில சொன்னீங்களே ஐயா!"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இப்போ நிறுத்தினா சபை என்ன நினைக்கும்? பதினெட்டு நாளுக்குப் பேர் குடுத்திருக்காங்க."

"நிறுத்த வேண்டாம். எனக்காகச் சாப்பிட்டுட்டு ஜெபிக்கச் சொல்லுங்க. அதுவும் கேப்பாரு."

அவர் தாளை மறுபடி மடித்து, இந்தத் தடவை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு தங்கை என் விரலைப் பிடித்தாள். "அக்கா, இது மொதத் தடவ இல்ல."

"என்னது?"

"அந்த நெறம். அஞ்சாறு தடவ வந்திருக்கு. பெரிய வெள்ளிக்கு ரெண்டு தடவ. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, நானும் தின்னாம கெடந்தப்போ ஒண்ணு."

"ஏட்டி, ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"சொன்னா என்னையும் மடிச்சின்னு சொல்லுவாவ. உன்னைச் சொன்னது எனக்கு ஓர்ம இருக்குல்லா. நான்கூடச் சொன்னேனே, ஓர்ம இருக்கா? முற்றம் தூக்கலன்னு."

எனக்கு நினைவிருந்தது. முற்றம் பெருக்காத நாளின் பதிவில் அவள் வயதும் எழுதியிருக்கிறேன்: எட்டு. ஆனால் இதைக் கேட்டபோது வந்த கோபம் அவள் மேல் வரவில்லை. ஒரு சொல்லை என் மேல் எறிந்தார்கள், அது அவள் வாயை அடைத்திருக்கிறது. கீழே உட்கார்ந்தால் பெயர் வைப்பார்கள் என்று வலிக்கிற காலோடு இத்தனை வருடம் மாடு மாதிரி வேலை செய்து காட்டியிருக்கிறாள். அந்த உடற்கல்வி ஆசிரியைக்கு இது தெரியப்போவதில்லை. ஏழாவது சுற்றை அவர் அன்றே மறந்திருப்பார்.

வெள்ளி காலை பையில் நிறம் வெளிறியது. மதியம் அளவும் கூடியது. டயாலிசிஸ் வேண்டாம் என்றார்கள். அவளுடைய ரத்தப் பொட்டுகள் திருவனந்தபுரம் போயின. முடிவு என்னுடையதைப் போலவே வந்தது.

போதகர் அடுத்த ஞாயிறு என் தாளை மேடையில் வாசித்தார். கார்னிடைன் என்ற சொல்லில் இரண்டு தடவை தடுக்கினார், ஆனால் முழுவதும் வாசித்தார். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு ஜெபிக்கலாம் என்று சொன்னார். பலர் முகத்தைச் சுளித்தார்கள். சிலர் பட்டினியையே தொடர்ந்தார்கள், அது அவர்கள் விருப்பம்.

அடுத்த மாத உபவாச ஜெபத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். ஒன்பதாவது வரிசை. பதினொன்றே காலுக்குத் தங்கை பையிலிருந்து டப்பாவைத் திறந்து ஏத்தம்பழத்தை உரித்தாள். வாசனை நான்கு வரிசைக்குப் போயிருக்கும். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளே, உபவாச ஜெபத்துல திங்கியா?"

"ஆமா மாமி" என்றாள் தங்கை, வாயில் பழத்தோடு. "எனக்கு உள்ள எறக்கி விட ஆளில்ல. ஒரு துண்டு வேணுமா?"

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் எத்தனை பேரிடம், எத்தனை வருடம், ஒரு பழம் தின்ன நாங்கள் காரணம் சொல்ல வேண்டும்? வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். இப்போது அதில் இரண்டு பத்திகள், எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. காலை மழை 3.4 மில்லிமீட்டர். தங்கை பதினொன்றே காலுக்கு ஒரு ஏத்தம்பழம், ஆலயத்தில், எல்லாரும் பார்க்க. கால் வலி: இல்லை.